கழுதைக்கு வாந்தி மாத்திரை கொடுக்கலாமா?

பொதி சுமக்கும் பிராணிகளுள் கழுதை தன் நோயை எளிதில் வெளிக்காட்டாது. அது தீனியை வெறுத்துத் தலை கவிழ்ந்து நிற்கும்பொழுது, வீட்டில் மீந்திருக்கும் வாந்தி மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கலாமென உடையவர் எண்ணக்கூடும். அதற்கு முன், அத்தகைய மருந்துகள் இதயத்தை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை அறிந்துகொள்ளுதல் நலம்.

முதற்கண் கவனிக்கற்பாலது யாதெனில், குதிரை இனப் பிராணிகள் பொதுவாக வாந்தி எடுப்பதில்லை. உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்திலுள்ள தசை வளையம் மிக இறுக்கமாக மூடி நிற்பது இதற்கு ஒரு முக்கிய காரணம். இரைப்பை அளவுமீறிப் புடைத்தால் அது கிழிந்துவிடவுங் கூடும். அங்ஙனமாயின் இம்மருந்துகளுக்கு இங்கு வேலை என்ன? மெட்டோகுளோப்ரமைடு போன்றவை இரைப்பையையும் குடலையும் அசையச் செய்யும் தன்மையும் உடையவை. குடலியக்கம் தடைப்பட்ட குதிரைகளுக்கு மருத்துவர்கள் அதன்பொருட்டே இதனைத் தருகின்றனர். ஆயினும் குதிரைகளுக்கு இது பெருங் கிளர்ச்சியையும் அமைதியின்மையையும் உண்டாக்குவதுண்டு.

இனி இதயத்தைக் காண்போம். ஒவ்வொரு துடிப்பிற்குப் பின்னும் இதயத்தின் உயிரணுக்கள் பொட்டாசியத்தை நுண்ணிய வாயில்களின் வழியே வெளிவிட்டு, மின்நிலையைச் சரிசெய்துகொண்டு, அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகின்றன. ஆண்டன்செட்ரான், டாம்பெரிடோன் ஆகிய வாந்தி மருந்துகளும், குடலை இயக்கும் சிசாப்ரைடும் அவ்வாயில்களுள் ஒருவகையை அடைக்கின்றன. ஆயத்தமாகும் நேரம் நீள்கிறது. ஈ.சி.ஜி. பதிவில் இது 'க்யூ-டி' இடைவெளியின் நீட்சியாகத் தென்படும். அளவுமீறி நீண்டால் துடிப்பின் ஒழுங்கு குலைந்து மரணமும் நேரலாம்.

மனிதரிடம் கண்ட இந்த அபாயத்தினால் அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் சிசாப்ரைடின் பொது விற்பனை நிறுத்தப்பட்டது. அங்கேயே 2012இல் ஆண்டன்செட்ரானை 32 மில்லிகிராம் ஒரே தடவையில் ஊசி வழியே செலுத்தும் முறை கைவிடப்பட்டது. ஐரோப்பாவில் 2014இல் டாம்பெரிடோனின் அளவுக்கும் காலத்துக்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. குதிரையின் இதயத்திலும் இவ்வகை வாயில்கள் உண்டு. ஆதலின் கழுதையைப் பொறுத்தவரையிலும் எச்சரிக்கை தேவை.

புல்லிலும் வைக்கோலிலுமிருந்தே இப்பிராணிகள் பெரும்பாலும் பொட்டாசியத்தைப் பெறுகின்றன. தீனி உண்ணாதபோது இரத்தத்தில் அது குறையலாம். குறைந்தால் மேற்கூறிய கோளாறு எளிதில் தோன்றும். எனவே, மருந்து தேவையெனத் தோன்றும் கழுதைக்கே அம்மருந்தினால் ஆபத்தும் அதிகம். மேலும், கழுதையைச் சிறிய குதிரையாகக் கருதுதல் தவறு. சில மருந்துகளைக் கழுதையின் உடல் குதிரையினும் விரைவாகவும், வேறு சிலவற்றை மெதுவாகவும் வெளியேற்றுகிறது. குதிரைக்குரிய அளவையோ மனிதருக்குரிய அளவையோ எடை பார்த்து மாற்றிக் கொடுப்பது போதாது.

நாடி பார்த்தால் இதனை அறியலாகாதோ எனச் சிலர் வினவலாம். ஓய்விலிருக்கும் வளர்ந்த கழுதையின் இதயம் நிமிஷத்திற்கு ஏறத்தாழ 36 முதல் 52 தடவை துடிக்கும். தாடையின் கீழ் விரல் வைத்து இதனை எண்ணலாம். எண்ணிக்கை மிகுந்தால் வலியோ வேறு நோயோ இருக்கலாமென ஊகிக்கலாம். ஆனால் 'க்யூ-டி' நீட்சியை விரல் அறியாது, ஈ.சி.ஜி. ஒன்றே அதனைக் காட்டும்.

ஆகவே, கழுதை தீனி தின்னாமல் நின்றால் அன்றே கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். பட்டினி நீடித்தால் உடற்கொழுப்பு இரத்தத்தில் பெருகி உயிருக்கே உலை வைக்கும் நோய் கழுதைகளுக்கு எளிதில் உண்டாகும். இரைப்பை புடைத்திருப்பின், மருத்துவர் மூக்கின் வழியே குழாய் செலுத்தி அதனை வெளியேற்றுவார். தீனியை நிறுத்திய வேளை, சாணமிட்ட நேரம், நாடியின் எண்ணிக்கை, ஏற்கெனவே கொடுத்த மருந்துகள் ஆகியவற்றைக் குறித்து அவரிடம் தெரிவித்தால், தக்க மருந்தைத் தேர்வதற்கு அது பேருதவியாகும். மீந்த மாத்திரை அதன் உறையிலேயே இருக்கட்டும்.