மணிமேகலை சாகவில்லை: ரசிகர் கதைகளை எப்படிப் படிப்பது?

கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950ல் தொடங்கி 1954ல் முடித்தார். அதே வருஷம் டிசம்பரில் காலமானார். கதை அங்கே நிற்கவில்லை. அதன் தொடர்ச்சியாக விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். பிற்பாடு அனுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்தன்' எழுதினார். 2022லும் 2023லும் மணிரத்னத்தின் படங்கள் வந்த பிறகு, வந்தியத்தேவனையும் குந்தவையையும் வைத்து இணையத்தில் ஏகப்பட்ட கதைகள். கல்கியின் எழுத்துகள் 1999லேயே நாட்டுடைமை ஆகிவிட்டன, அதனால் சட்டச் சிக்கலும் இல்லை.

தாம்பரத்திலிருந்து பீச் வரை மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே கிடைக்கிறது. ஒரு வருஷமா அந்த நேரத்தில் இவற்றைத்தான் படிக்கிறேன்.

ஜெர்மன் விமர்சகர் வொல்ஃப்காங் ஈசர் ஒரு விஷயம் சொன்னார்: பிரதியில் எப்போதும் இடைவெளிகள் உண்டு, வாசகர் அவற்றை நிரப்பும்போதுதான் படைப்பு முழுசாகிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசனையும் அவன் சகோதரர்களையும் துரோகிகள் என்கிறது. கல்கியோ கடைசிவரை பிடி கொடுக்கவில்லை. பாதி ரசிகர் கதைகள் இந்த ஓட்டையில்தான் முளைக்கின்றன. இதுவரை ஈசர் போதும்.

ஆனால் மணிமேகலை? அவள் வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுகிறாள். அங்கே இடைவெளியே இல்லை, கல்கி கதவைச் சாத்திவிட்டார். என் அக்கா மகள் (குரோம்பேட்டை, கல்லூரி முதல் வருஷம்) அவளைப் பிழைக்க வைத்து ஒரு கதை எழுதியிருக்கிறாள். வீட்டில் ஒரு பெரியவர் படித்துவிட்டு, "சொந்தமா எதாவது எழுதக் கூடாதா?" என்றார். அவள் முகம் சுருங்கிப்போச்சு. அன்றைக்குத்தான் இதைச் சரியாக யோசிக்கணும்னு தோன்றியது.

பதிலை நான் நன்னூலில் கண்டேன். நூல்களை முதல், வழி, சார்பு என்று பிரிக்கிறது அது. முதல்நூலின் கருத்தை முழுக்க ஏற்று, பின்னால் வருபவர் தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் சேர்த்துச் சொன்னால் வழிநூல். கொஞ்சம் ஒத்துப்போய், மற்றதில் மாறுபட்டால் சார்புநூல். பவணந்தி முனிவர் இலக்கண நூல் மாதிரியானவற்றை மனதில் வைத்துச் சொன்னதுதான், நான் கொஞ்சம் இழுக்கிறேன். ஆனாலும் பொருந்துகிறது. கல்கியின் முடிவை ஏற்று மேலே போகும் தொடர்ச்சி நாவல் வழிநூல். பிழைத்த மணிமேகலை சார்புநூல். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், முதலாவது புதிய வெர்ஷன், இரண்டாவது ஃபோர்க்.

பிரெஞ்சுக்காரர் ஜெரார் ஜெனெத் 1982ல் ஒரு தடிமனான புத்தகம் முழுக்க, ஒரு பிரதிமேல் இன்னொரு பிரதி எழுதப்படும் விதங்களை வகைபிரித்தார். எனக்கு நன்னூலே கைக்கு அடக்கமாக இருக்கிறது.

சார்புநூல் என்று பார்த்தவுடன் கேள்வி மாறிவிடுகிறது. 'சொந்தமா, காப்பியா' என்பது போய், 'எதை ஏற்கவில்லை' என்று கேட்கலாம். அக்கா மகள் ஏற்க மறுத்தது, ஒருதலையாகக் காதலித்த பெண்ணுக்குச் சாவுதான் கௌரவமான முடிவு என்பதை. அது விமர்சனம், கட்டுரையாக எழுதாமல் கதையாக எழுதியிருக்கிறாள். புதுமைப்பித்தன் 'சாபவிமோசன'த்தில் செய்ததும் இந்த வகைதானே? சீதை தீக்குளித்ததைக் கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள். அதை யாரும் காப்பி என்று சொல்வதில்லை.

ஒரு கோட்பாடு மட்டும் இங்கே உதவவில்லை. ஆசிரியர் இறந்துவிட்டார் என்று ரொலான் பார்த் 1967ல் அறிவித்தார். ரசிகர்களிடம் இது எடுபடாது. "கல்கி இருந்தா இப்படி எழுதியிருக்கவே மாட்டார்" என்பதுதான் அவர்கள் சண்டையில் கடைசி அஸ்திரம். கல்கியை மீறி எழுதுபவர்கள்தான் அவர் பேரை அதிகம் இழுக்கிறார்கள்.

அக்கா மகளின் கதையில் மணிமேகலை கடம்பூர் மாளிகையின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்கிறாள். வந்தியத்தேவன் பாதிக்கு மேல் வருவதே இல்லை. கந்தமாறனைத்தான் அவள் இன்னும் மன்னிக்கவில்லை, அதற்கு இன்னும் மூன்று அத்தியாயம் வேணுமாம்.