50 கே.பி.க்குள் அடங்குமா உங்கள் சான்றிதழ்?

அரசுத் தேர்வு, வங்கித் தேர்வு என்று ஏதாவது ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டால், கோவை காந்திபுரம் பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: ''ஏனுங்ணா, இதை அம்பது கே.பி.க்குள்ள கொண்டு வந்து குடுக்க முடியுங்களா?''

வங்கிப் பணியாளர் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். விதி இப்படி: போட்டோ 20 முதல் 50 கே.பி., கையெழுத்து 10 முதல் 20 கே.பி., கைப்பட எழுதிய உறுதிமொழி 50 முதல் 100 கே.பி. மேல் வரம்பைப் பார்ப்பவர்கள் கீழ் வரம்பை மறந்துவிடுகிறார்கள். 50-ஐத் தாண்டக் கூடாது என்று நசுக்கோ நசுக்கென்று நசுக்கி 12 கே.பி.க்குக் கொண்டு வந்தாலும் சிக்கல்தான். முகம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

ஃபைலுக்கு ஏன் இத்தனை கனம்? ஓர் ஏ4 தாளை 300 டி.பி.ஐ.யில் கலரில் ஸ்கேன் செய்தால் சுமார் 87 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். சுருக்காமல் வைத்தால் 26 எம்.பி. அதையே 150 டி.பி.ஐ.க்கு இறக்கினால் புள்ளிகள் நான்கில் ஒரு பங்காகும். கலரை எடுத்துவிட்டு கிரே ஸ்கேலுக்கு மாற்றினால் அதிலும் மூன்றில் ஒரு பங்கு. 26 எம்.பி. இருந்த இடத்தில் இப்போது 2.2 எம்.பி. ஜே.பெக் சுருக்கம் இதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

சுருக்குவதில் இரண்டு வகை உண்டு. பஞ்சாலை ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். பஞ்சை அழுத்திப் பேல் கட்டினால், பிரிக்கும்போது அதே பஞ்சு வரும். 'ஜிப்' ஃபைல் அப்படி. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்து எறிந்துவிட்டால் மறுபடி ஒட்ட வைக்க முடியாது. ஜே.பெக் அந்த ரகம். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களைத் தூக்கி எறிந்துதான் அது எடையைக் குறைக்கிறது.

இந்த வித்தைக்கு அடிப்படையான கணக்கு நம் பக்கத்து ஆட்களுடையது. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது 1972-ல் இந்த யோசனையோடு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் ஆராய்ச்சி நிதி கேட்டார். கிடைக்கவில்லை. விடாமல் டி.நடராஜன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த கே.ஆர்.ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974-ல் கட்டுரையாக வெளியிட்டார். பின்னாளில் ஜே.பெக் அதன் மேல்தான் எழுந்தது. படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எது முக்கியம், எதை விடலாம் என்று கணக்குப் போடுகிறது.

வானம், முகம், சுவர் என்றால் இந்தக் கணக்கு பிரமாதம். எழுத்து என்றால்தான் தகராறு. கருப்பு எழுத்தின் விளிம்பில் சாம்பல் புகை படரும். 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் குறையும். தமிழுக்கு இன்னொரு சங்கடம், மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி முதலில் காணாமல் போகும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்ததைச் சேமித்து, மறுபடி போட்டோவாக அனுப்பி, அதை இன்னொருவர் வெட்டிச் சேமித்தால், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் ஃபைல் அப்படியே போய்ச் சேரும்.

மங்கலாகத் தெரிந்தாலாவது சந்தேகம் வரும். தெளிவாகத் தெரிந்து தப்பாக இருந்தால்? 2013-ல் ஜெர்மனியைச் சேர்ந்த கணினி ஆய்வாளர் டேவிட் க்ரீசல், ஒரு வீட்டு வரைபடம் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்கேனரில் போய் வந்ததைப் பார்த்தார். மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கேனில் மூன்றுமே 14.13! ஃபைலைச் சிறிதாக்க, ஒன்றுபோலத் தெரியும் உருவங்களை ஒரே உருவமாக வைத்துக்கொள்ளும் ஜேபிக்2 என்ற சுருக்க முறையின் வேலை அது. ஜெராக்ஸ் பிறகு மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. கிரயப் பத்திரத்தின் சர்வே நெம்பரிலோ செக்குபந்தி அளவிலோ இப்படி ஓர் இலக்கம் மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே வரிசை முக்கியம். குறைக்க வேண்டியது முதலில் குப்பையை. மேஜை விரிப்பு, கட்டில் மெத்தை, தாளின் மேல் விழும் நிழல் எல்லாமே எடைதான். ஜன்னல் வெளிச்சத்தில், கூகுள் டிரைவ் ஆப்பில் உள்ள ஸ்கேன் வசதியால் எடுத்து ஓரங்களை வெட்டுங்கள். அடுத்து கலரை நீக்குங்கள், அதன் பிறகு டி.பி.ஐ.யைக் குறையுங்கள், ஜே.பெக் தரத்தில் கை வைப்பது கடைசியாக. முடித்ததும் இரு மடங்கு பெரிதாக்கி, பதிவு எண், பிறந்த தேதி, இனிஷியல் மூன்றையும் அசலோடு ஒப்பிடுங்கள். அசல் ஸ்கேன் எக்காரணம் கொண்டும் அழியக் கூடாது. அடுத்த விண்ணப்பம் வேறு அளவு கேட்கும்.

வேர்டில் அடித்து நேராக பி.டி.எஃப். ஆக்கிய பயோடேட்டாவுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். அதில் எழுத்து எழுத்தாகவே இருக்கிறது. அதைப் பிரின்ட் எடுத்து, மறுபடி ஸ்கேன் செய்து, பிறகு சைஸ் குறைக்க அல்லாடுகிறவர்கள் நிறைய பேர்!

இ-சேவை மூலம் வாங்கும் வருமானச் சான்று, டிஜிலாக்கர் மதிப்பெண் பட்டியல் போன்றவற்றைத் தொடவே தொடாதீர்கள். டிஜிட்டல் கையெழுத்திட்ட பி.டி.எஃப்.பைச் சுருக்கி மறுபடி சேமித்தால், பார்வைக்கு அதேதான். உள்ளே அந்தக் கையெழுத்து செல்லாமல் போய்விடும்.

இலவசமாகச் சுருக்கித் தருகிறோம் என்னும் இணையதளங்கள் இன்னொரு தலைவலி. ஆதார், பாஸ்புக், பத்திரம் எல்லாம் முன்பின் தெரியாத ஒரு சர்வருக்குப் போகின்றன. இலவச ஃபைல் மாற்றும் தளங்கள் வழியாக வைரஸ் பரப்பி, தகவல் திருடுகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 மார்ச்சில் எச்சரித்தது. பல போன்களின் கேலரியிலேயே ரீசைஸ் இருக்கிறது, போட்டோவுக்கு அது போதும். ஆதார் தர வேண்டிய இடத்தில் ஏற்றுக்கொண்டால், முதல் எட்டு இலக்கங்களை மறைத்த 'மாஸ்க்டு ஆதார்' கொடுக்கலாம். ஆதார் இணையதளத்திலேயே கிடைக்கிறது.

கடையில் போய்த்தான் செய்ய வேண்டும் என்றால், பணம் கொடுப்பதற்கு முன் ''டவுன்லோடு ஃபோல்டர்ல இருக்கறதை அழிச்சிருங்ணா, ரீசைக்கிள் பின்லயும்தானுங்க'' என்று சொல்லிவிட்டு, அழிகிறதா என்று நின்று பாருங்கள்.