உகாண்டா போகும் குடும்பமும் ஒரு சாமான் லிஸ்ட்டும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் தெரு அண்ணன் ஒருத்தர் நீள நோட்டு ஒன்றோடு வீட்டுக்கு வந்தார். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. வாரத்துக்கு ஒரு தடவைதான் ஊத்தங்கரை வருவார். அண்ணி ஸ்டாஃப் நர்ஸ். மூத்தவள் ஏழாம் வகுப்பு, சின்னவன் ஒன்றாம் வகுப்பு. நாலு பேரும் உகாண்டாவுக்கு மிஷனரியாகப் போவது என்று முடிவு பண்ணியிருக்கிறார்கள். நோட்டு முழுக்கக் கொண்டுபோக வேண்டிய சாமான் லிஸ்ட். குக்கர், இட்லித் தட்டு, குழம்பு மிளகாய்த்தூள், புளி, கொசு வலை, பைபிள் நாலு, டார்ச் லைட் இரண்டு.

"நீதான் எதையாவது படிச்சிக்கிட்டே இருப்பியே தம்பி. நம்மாளுங்க இதுக்கு முன்னாடி இப்படிப் போயிருக்காங்களா? எப்படி ரெடி ஆனாங்கன்னு பாத்து சொல்லேன்."

அப்படித் தேடியதன் குறிப்புகள்தான் இவை. நான் ஊழியத்துக்குப் போகிறவன் இல்லை, படிக்கிறவன். அவர்கள் சம்மதத்தோடு, பெயரை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

நம்மாளுங்க போயிருக்காங்களா?

போயிருக்கிறார்கள், அதுவும் 120 வருஷத்துக்கு முன்னாலேயே. 1902-ல் திருநெல்வேலிக்காரர் வி. எஸ். அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே உள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொந்தக் காசைப் போட்டுக் கடல் தாண்டித் தொண்டிப் பக்கம் ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவருக்கு உறைத்தது. வெள்ளைக்காரர் வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் திருநெல்வேலிச் சபை வாங்கிக்கொண்டே இருக்கிறதே, கொடுப்பது எப்போது என்று கேட்டுக்கொண்டார். அடுத்த வருஷமே, 1903 பிப்ரவரி 12 அன்று, இந்திய மிஷனரி சங்கம் பாளையங்கோட்டையில் தொடங்கியது. ஆள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பதுதான் கொள்கை.

1904-ல் அவர்களுடைய முதல் மிஷனரி சாமுவேல் பாக்கியநாதன் தோர்ணக்கல் போனார். இன்று அது தெலங்கானா. அன்று நிஜாம் சமஸ்தானம். 1909-ல் குருப்பட்டம் பெற்ற கையோடு அசரியாவே அங்கே போய்ச் சேர்ந்தார். மனைவி அன்புவும் பிள்ளைகளும் அங்கேயே வாழ்ந்தார்கள். பேச்சு, பாஷை, பழக்கம் எல்லாமே வேறு. 1912 டிசம்பர் 29-ல் அவர் பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

ஆக, அண்ணன் கேட்ட முதல் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லிவிடலாம். "எப்படி ரெடி ஆனாங்க" என்ற இரண்டாவது கேள்விதான் என்னை ஒரு மாதம் உட்கார வைத்தது. படித்த கதைகளில் சாமான் பற்றாமல் திரும்பி வந்த குடும்பம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. உடைந்தவர்கள் உடைந்தது வேறு நான்கு இடங்களில்.

ஒன்று: வீட்டில் எல்லோரும் சம்மதித்தார்களா?

வில்லியம் கேரி பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1793-ல் இங்கிலாந்திலிருந்து வங்காளம் வந்தவர், பல மொழிகளில் பைபிளை மொழிபெயர்த்தவர். அவர் மனைவி டாரதியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. கேரி கிளம்பியபோது டாரதி கர்ப்பிணி. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கேரி மூத்த மகனை மட்டும் கூட்டிக்கொண்டு கப்பலேறப் போனார். அந்தக் கப்பல் பயணம் தடைப்பட, மறுபடி வீட்டுக்கு வந்து கேட்டார். அதற்குள் குழந்தை பிறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. தங்கையும் கூட வந்தால் வருகிறேன் என்று டாரதி ஒத்துக்கொண்டார். மூட்டை கட்ட ஒரு நாள்கூட முழுசாகக் கிடைத்திருக்காது.

மறு வருஷமே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுப்போக்கில் இறந்துபோனான். டாரதிக்கு மனநிலை பாதித்தது, கடைசிவரை சரியாகவில்லை. 1807-ல் செராம்பூரில் இறந்தார். கேரியின் சாதனைப் பட்டியலுக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கையும் எழுதி வைக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அழைப்பு ஒருத்தருக்கு வருகிறது, பயணம் மட்டும் எல்லோருக்கும் வருகிறது.

இரண்டு: பிள்ளைகள்

எங்கள் ஊரில் வேலூர் சி.எம்.சி. வாசலை மிதிக்காத குடும்பம் குறைவு. திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் பஸ் பிடித்து, ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு போய் நிற்கிற இடம் அது. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதை தெரியும்தானே? திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் பிரசவத்தில் தவித்த மூன்று பெண்கள், ஆண் டாக்டர் வேண்டாம் என்று வீட்டார் சொன்னதால் செத்துப்போனார்கள். அதைப் பார்த்துத்தான் அவர் டாக்டருக்குப் படித்தார்.

அந்தக் கதைக்கு முந்தைய பாகம் ஒன்று உண்டு. ஐடா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், மிஷனரி வீட்டுப் பெண். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ல் பாஸ்டனிலிருந்து மனைவி, கைக்குழந்தையோடு கிளம்பி யாழ்ப்பாணம் வந்தவர்; அந்தக் குழந்தை கல்கத்தாவிலேயே இறந்துபோனது. ஐடாவின் அப்பா அம்மாவும் ஊழியத்துக்காக இந்தியா திரும்பியபோது, வளர்ந்து வந்த பெண்ணை அமெரிக்காவில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். அந்தப் பிரிவு ஐடாவுக்கு ஆறாத காயம். நான் மிஷனரி ஆகவே மாட்டேன் என்று இருந்தவர் அவர். பிற்பாடு மனம் மாறியது நமக்கு அதிர்ஷ்டம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி மாறும் என்று சொல்ல முடியாது.

கொடைக்கானலுக்குப் பின்னாலும் இதே கவலைதான் இருக்கிறது. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் காலராவிலும் காய்ச்சலிலும் மனைவி மக்களைப் பறிகொடுத்த பிறகு, 1845-ல் மலைமேல் வீடு கட்டினார்கள். 1901-ல் அங்கே மிஷனரிப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் வந்தது. இன்றைக்குப் பெரிய இன்டர்நேஷனல் ஸ்கூலாக நிற்பது அதுதான். பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்புவதா, பக்கத்திலேயே வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்கு அந்தத் தலைமுறை கண்டுபிடித்த பதில் அது.

மூன்று: பாஷை

சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஊரிலிருந்த வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரச் சொல்லி, அந்தப் பொடிசுகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரல் வைத்து 'அ'னா 'ஆ'வன்னா எழுதினார். 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. அந்த ஆரம்பம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கற்றுக்கொடுக்க வந்தவர் முதலில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தார்.

இந்த விஷயத்தில் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஓசூர் பஸ்ஸில் ஏறினால் ஒரு சீட்டில் தமிழ், அடுத்த சீட்டில் தெலுங்கு, பின்னால் கன்னடம். புரியாத பாஷைக்கு நடுவில் பயப்படாமல் உட்காரும் பழக்கம் நமக்குச் சின்ன வயதிலிருந்தே வந்துவிடுகிறது. ஆனால் உகாண்டாவில் ஆபீஸ் பாஷை இங்கிலீஷ் என்பதால் சமாளித்துவிடலாம் என்று அண்ணன் நினைத்தார். ஆஸ்பத்திரி வார்டில் வலியில் இருக்கிற பாட்டி இங்கிலீஷில் முனகமாட்டாள். கம்பாலாப் பக்கம் என்றால் லுகாண்டா, வேறு பக்கம் போனால் வேறு மொழி. எந்த ஊருக்குப் போகிறோம் என்று தெரிந்த அன்றே அந்த ஊர் மொழியைத் தொடங்கிவிட வேண்டும்.

நான்கு: பணமும் காகிதமும்

திருநெல்வேலிப் பெண்கள் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி தனியாக எடுத்து வைத்து, அதைக் காணிக்கையாகச் சபைக்குக் கொடுத்தார்கள். மிசோரமில் இதே வழக்கம் 1910 முதல் 'புஃபாய் தாம்' என்ற பெயரில் நடக்கிறது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு பணக்காரர் தரும் பெரிய தொகை அவர் மனம் மாறினால் நின்றுவிடும். நூறு வீட்டுப் பிடி அரிசி அப்படி ஒரே நாளில் நிற்காது. போகிற குடும்பம் முதலில் கேட்க வேண்டியது, மூன்றாவது வருஷம் யார் பணம் அனுப்புவார்கள் என்பதைத்தான்.

காகித விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உகாண்டாவுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் போட்டிருக்க வேண்டும். 2016-லிருந்து ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் செல்லும். இது இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். போலீஸ் சான்றிதழ், சர்டிபிகேட்டுகளுக்கு அரசாங்க அத்தாட்சி, மருத்துவ இன்ஷூரன்ஸ் ஆகியவற்றுக்கு மாதக்கணக்கில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணி அங்கே நர்ஸாக வேலை பார்க்க, அந்த நாட்டு நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். "டூரிஸ்ட் விசாவுல போயி அங்க பாத்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பொய்யான காகிதத்தில் தொடங்கும் ஊழியத்துக்கு அண்ணனே ஒத்துக்கொள்ள மாட்டார் என்பது வேறு விஷயம்.

அங்கே நாம் யார்?

இதையெல்லாம் விட என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. உகாண்டாவில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். 1880-களில் அரசனின் கட்டளையால் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களின் நினைவாக, நமுகோங்கோவில் வருஷா வருஷம் ஜூன் 3-ஆம் தேதி லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். "அவங்களுக்கு நீங்க எதுக்குண்ணா?" என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அங்குள்ள சபையே ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு ஆள் கேட்டு எழுதியிருக்கிறது. போவது முக்கியமாக அண்ணியின் வேலைக்காக என்றார். அது நல்ல பதில் என்றே நினைக்கிறேன். கூப்பிட்ட வீட்டுக்குப் போவதும் கூப்பிடாத வீட்டுக்குப் போவதும் ஒன்றா?

ஆனால் அந்த ஊர்க்காரர் கண்ணுக்கு நாம் முதலில் மிஷனரியாகத் தெரியமாட்டோம். இந்திய முகம் என்றால் அங்கே கடைக்காரர், முதலாளி. 1972 ஆகஸ்டில் இடி அமீன் 90 நாள் கெடு கொடுத்து ஆசியர்களை விரட்டியதும், பிற்பாடு பலர் திரும்பி வந்து வியாபாரம் தொடங்கியதும் அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த வரலாறு நமக்கு முன்னால் போய் வாசலில் நிற்கும்.

இங்கேதான் மறுபடி அசரியா வருகிறார். 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. அதில் எழுந்து நின்று, வந்தவர்களின் தியாகத்தை எல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டு, எங்களுக்கு வேண்டியது உங்கள் நட்பு, அதைத்தான் நீங்கள் தரவில்லை என்ற பொருளில் பேசினார். வெள்ளைக்கார மிஷனரி இந்தியரைத் தனக்குச் சமமாக உட்கார வைப்பதில்லை என்பதுதான் அவர் மனக்குறை. சபையில் பலருக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு நம் ஆள் கேட்கிற பக்கத்தில் இருந்தார். இன்றைக்கு அண்ணன் குடும்பம் விமானம் ஏறினால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில் நாம் உட்காருகிறோம். வீட்டில் வேலைக்கு வரும் பெண்ணை எப்படிக் கூப்பிடுகிறோம், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதையெல்லாம் அவர்கள் கவனிப்பார்கள். ஊரில் இருக்கும்போது நாம் ஒழுங்காகச் செய்யாத எதையும் அங்கே போய் திடீரென்று செய்துவிட மாட்டோம்.

கடைசியாக

போன ஞாயிறு இதையெல்லாம் அவர்கள் வீட்டில் போய்ச் சொன்னேன். அண்ணி காபி கொடுத்துவிட்டு நின்றபடியே கேட்டார். டாரதி கதை வந்தபோது உட்கார்ந்துவிட்டார். "நான் சம்மதிச்சுத்தான் போறேன் தம்பி, அதுல சந்தேகம் வேணாம். ஆனா பாப்பாவ நாங்க ரெண்டு பேருமே கேக்கல" என்றார்.

பாப்பா அங்கேயேதான் இருந்தாள், வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு. அண்ணன் திரும்பி, "ஏம்மா, உனக்கு வர இஷ்டமா?" என்று கேட்டார். அவள் நிமிராமல், "கேட்டுட்டு அப்புறம் என்ன பண்ணுவீங்க?" என்றாள். அதற்கு அங்கே இருந்த யாரிடமும் பதில் இல்லை.

இப்போதைக்கு டிக்கெட் போடவில்லை. அவள் எட்டாவது முடிக்கிற வரைக்கும் பொறுக்கலாமா, அண்ணி மட்டும் முதலில் ஆறு மாதம் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். சபையில் சிலருக்கு இது விசுவாசக் குறைவாகத் தெரிகிறதாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் தயாராவதே இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிக் குடும்பத்தோடு வெளியூர், வெளிநாடு ஊழியம் போயிருந்தால் எழுதுங்கள். முக்கியமாக, அப்போது பிள்ளைகளாக இருந்தவர்கள் எழுதுங்கள். அதை அந்தப் பாப்பாவிடம் படிக்கக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.