நட்சத்திரங்களும் சாகுபடிப் பருவங்களும்

இரவில் முறைத் தண்ணீர் பாய்ச்சும் குடியானவர்களுக்குக் கடிகாரம் வருவதற்கு முன் நட்சத்திரங்களே நாழிகை காட்டி வந்தன. எந்த நட்சத்திரமும் முதல் நாள் உதித்த நேரத்திற்கு ஏறக்குறைய 4 நிமிஷம் முந்தியே மறுநாள் உதிக்கின்றது. மாதம் ஒன்றுக்கு இது 2 மணி நேரமாகும். ஆண்டு ஒன்று நிறைந்ததும் நட்சத்திரம் பழைய நேரத்திற்கே வந்து சேரும். ஆகையால் மாதம் தெரிந்தவர் வானத்தைப் பார்த்து நேரத்தையும், நேரம் தெரிந்தவர் மாதத்தையும் அறிதல் கூடும்.

சித்திரை மாதப் பிறப்பன்று மாலையில் இதனை எளிதிற் சோதிக்கலாம். சூரியன் மேற்கே மறையும் தறுவாயில், சித்திரை நட்சத்திரம் நேர் கிழக்கிற்குச் சற்றுத் தெற்கே தள்ளி எழும்புகின்றது. நமது மாதங்களின் பெயர்கள் பெரும்பாலும் அந்தந்த மாதத்துப் பௌர்ணமிச் சந்திரன் தங்கும் நட்சத்திரத்தை ஒட்டியே அமைந்தவை. சந்திரன் முழுமையாய் இருக்கும்போது சூரியனுக்கு நேர் எதிரே நிற்பதால், மாதத்தின் பெயர் பூண்ட நட்சத்திரம் அம்மாதத்தில் மாலையில் உதித்து இரவு முழுதும் தென்படும்.

குடியானவர்கள் யாவரும் அடையாளம் அறிந்தது கார்த்திகைக் கூட்டம். கண்ணுக்கு ஆறு மீன்களாகத் தோன்றும் இக்கூட்டம், வடகிழக்குப் பருவமழை பெய்யும் கார்த்திகை மாதத்தில் அந்தியில் உதித்து, நடுநிசியில் உச்சிக்குச் சற்று வடக்கே வந்து, விடியலில் மறையும். மாசி பிறக்கும்போது, விளக்கேற்றும் வேளையிலேயே உச்சியில் நிற்கும். சித்திரை முடிவில் மேற்கே மாலை வெளிச்சத்தில் அமிழ்ந்து கண்ணுக்கு மறையும். அப்பொழுது சூரியனே அந்த இடத்திற்கு வந்துவிடுகின்றது. அக்கினி நட்சத்திரம் என்று சொல்லப்படுவது அந்நாட்களையே. பிறகு வைகாசி இறுதியில், விடியுமுன் கீழ்த்திசையில் இக்கூட்டம் மறுபடி தலைகாட்டும். குறுவைக்காக மேட்டூர் அணையைத் திறப்பதற்கு வழக்கமாகக் குறிக்கப்படும் ஜூன் 12-ம் தேதியும் ஏறக்குறைய இதே சமயந்தான். அணையோ 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. மீன்களைப் பார்த்துத் தேதி வைத்தவர் எவருமில்லை.

ஆடித் தொடக்கத்தில் இரவு 9 மணிக்குத் தெற்கே பார்த்தால், அனுஷம், கேட்டை, மூலம் என்னும் மூன்றும் சேர்ந்து தேளின் வடிவமாய் நிற்பதைக் காணலாம். நடுவிலுள்ள கேட்டை செந்நிறமுடையது. மேகமில்லாத இரவு வாய்க்க வேண்டும். சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் தென்வானில் தனித்து ஒளிர்வது அகத்திய நட்சத்திரம். இம்மாதங்களில் களத்துக் காவலில் இருப்போர் இதனைத் தவறவிட இயலாது.

இனி முக்கியமான விஷயம். நட்சத்திரம் தேதியைப் பிசகாமல் சொல்லும், மழையைச் சொல்லாது. அகத்தியர் உதயத்தில் கலங்கிய நீர் தெளியும் என்பது வடநாட்டு வழக்கு. அவ்வுதயத்திற்கென்றே வராகமிகிரர் 6-ஆம் நூற்றாண்டில் பிருகத் சம்ஹிதையில் ஓர் அத்தியாயம் வகுத்தார். வடக்கே இந்நட்சத்திரம் மழைக்காலம் ஓயும் தருணத்தில் விடியற்காலையில் உதிப்பதால், அவ்விடத்திற்கு அது பொருந்தும். தமிழ்நாட்டிலோ அது ஆடி மாதத்திலேயே உதித்துவிடுகின்றது; ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தரும் வடகிழக்குப் பருவம் அதற்குப் பின்னரே, ஐப்பசியை ஒட்டி, வருகின்றது. அந்த வழக்கை இங்கே கொண்டுவந்து ஒட்டவைத்து நாற்று விடுவது வீண் நஷ்டமாகும்.

மற்றொரு காரணமும் உண்டு. பூமியின் அச்சு மெள்ளச் சுழல்வதால், நட்சத்திரங்களைக் கொண்டு கணிக்கும் ஆண்டு, பருவங்களைக் கொண்டு கணிக்கும் ஆண்டைவிட ஏறக்குறைய 20 நிமிஷம் நீண்டது. இந்த வித்தியாசம் சுமார் 71 ஆண்டுகளில் ஒரு நாளாகவும், ஆயிரம் ஆண்டுகளில் 14 நாளாகவும் பெருகும். சூரியன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்கும் காலமும் ஏறக்குறைய அதுவே. அதாவது, இன்ன நட்சத்திரத்தில் சூரியன் புகுந்ததும் விதை என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சொல்லியிருந்தால், அப்பருவம் இன்று அதற்கு முந்திய நட்சத்திரத்திலேயே வந்துவிடும். உத்தராயணம் தை முதல் நாளில் தொடங்குவதாகக் கொண்டாடுகிறோம்; சூரியன் உண்மையில் வடக்கு நோக்கித் திரும்புவதோ டிசம்பர் 21, 22-ம் தேதிகளில். 1952-ல் மேகநாத் சாகா தலைமையில் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு இப்பிழையை எடுத்துக் காட்டியது. பருவங்களை ஒட்டிக் கணிக்கப்பட்ட தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் அமலுக்கு வந்தது. எனினும் கிராமங்களில் பழைய கணக்கே நீடிக்கின்றது. திருவிழாவுக்கு அதனால் குறைவொன்றுமில்லை. விதைப்புக்கு வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பையும், தங்கள் வட்டத்தின் மழைமானிக் கணக்கையும் கேட்டுக்கொள்வதே தக்கது. கிராம அதிகாரிகள் பிரதி ஆண்டும் முதல் உழவு மழை பெய்த ஆங்கிலத் தேதியைக் குறித்து வந்தால், பத்தாண்டுகளில் அவ்வூருக்கென்றே ஒரு பஞ்சாங்கம் கிடைத்துவிடும்.

வெள்ளியைப் பற்றியும் ஒரு சொல். விடிவெள்ளியை நம்பி மடை திறக்க எழுந்தவர்கள் ஏமாந்ததுண்டு. அது நட்சத்திரமன்று, கிரகம். சுமார் 584 நாட்களுக்கொரு முறையே அதன் சுற்று நிறைவதால், மாதத்திற்கும் பருவத்திற்கும் கட்டுப்படாது. சில மாதங்கள் விடியலில் கிழக்கே நின்று, பின்பு மறைந்து, அந்தியில் மேற்கே தோன்றும். விடியலில் இருக்கும் மாதங்களிலும் அது உதிக்கும் நேரம் வாரத்திற்கு வாரம் மாறும். முறை மாற்றும் நேரத்திற்குக் கார்த்திகைக் கூட்டமோ கேட்டையோ போதும். மேகம் மறைத்த இரவில் கைக்கடிகாரத்தையே பார்க்க வேண்டும்.