படுகை வாழையும் பாட்டன் வைத்த ரஸ்தாளியும்

திருச்சியில் வாழைக்கு என்றும் பஞ்சமில்லை. மேற்கே பெட்டவாய்த்தலை தொடங்கி முத்தரசநல்லூர் வரையிலும், ஸ்ரீரங்கம் தீவில் திருவானைக்காவலைத் தாண்டி உத்தமர்சீலி, கிளிக்கூடு வரையிலும் கண்ணுக்கெட்டும் இடமெல்லாம் வாழைதான். முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் கொண்டு வந்து சேர்த்த வண்டல் மண் இது. இக்கரையோரப் படுகையில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்துக் கொண்டு, தலைமுறை தலைமுறையாக வாழையை நம்பி வாழும் குடும்பங்கள் பல.

அக்குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் கதை ஒன்று உண்டு. பாட்டன் ரஸ்தாளி வைத்தார். நல்ல விலைக்குப் போயிற்று. அதே நிலத்தில் திரும்பத் திரும்ப அதையே வைத்தார். பிறகு வாடல் நோய் வந்தது. அடியிலைகள் ஓரத்தில் மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, பாவாடை கட்டியது போல் தண்டைச் சுற்றித் தொங்கின. தண்டின் அடி நீளவாக்கில் வெடித்தது. கிழங்கை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்பு நிறம். மண்ணில் வாழும் பூசணம் வேர் வழியே நுழைந்து சாறு ஏறும் குழாய்களை அடைத்து விடுவதால் வருவது இது. இப்பூசணம் மண்ணில் பல்லாண்டு கிடக்கும். ஆகவே நோய் கண்ட வயலில் மீண்டும் ரஸ்தாளி நடுவது வீண் செலவே. மகன் பூவனுக்கு மாறினார். வாடல் நோயைப் பூவன் பெரிதும் தாங்குகிறது; இலைக்கும் கிராக்கி உண்டு. பேரன் காலத்தில் ஏலரிசியும் வந்து சேர்ந்தது.

நன்செய் வாழைக்கு மாசி முதல் சித்திரை வரை நடவு. படுகைக்கோ தை மாதமே ஏற்றது. காரணம் ஆறுதான். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பது 1934-இல் அணை கட்டப்பட்ட பின் ஏற்பட்ட வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்து இது முன்பின் ஆகும். பெருவெள்ளம் வருவதானால் ஆடி, ஆவணியில் வரும். தையில் நட்ட கன்று அதற்குள் ஆளுயரம் தாண்டி நிற்கும். ஆவணியில் நட்ட இளங்கன்றோ வெள்ளத்தோடு போய்விடும்.

2018 ஆகஸ்டில் இது கண்கூடாயிற்று. மேட்டூர் நிரம்பி உபரி நீர் வந்த அந்நாட்களில், 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 45 மதகுகளில் 9 உடைந்தன. 1836-இல் கட்டத் தொடங்கிய அணை அது. அந்த ஆண்டு கரையோர வாழைகள் நீரில் நின்றன. 2022 ஆகஸ்டிலும் படுகையில் தண்ணீர் ஏறியது. குலை தள்ளும் பருவத்தில் இப்படி நேர்ந்தால் ஓராண்டு உழைப்பும் கடனும் ஒரு வாரத்தில் நீரோடு போகும்.

இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் அடியில் நீர் தேங்கினால் வேர் மூச்சு விட முடியாமல் அழுகும். எனவே வடிகாலை ஆனியிலேயே தூர் வாரி வைக்க வேண்டும். வெள்ளம் வந்தபின் மண்வெட்டி தேடிப் பயனில்லை. நீர் வடிந்ததும் சாய்ந்த மரங்களுக்குச் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுத்து, மண் அணைத்து, யூரியாவும் பொட்டாஷும் இட்டால் தேறக் கூடியவை தேறும். சாதாரண ஆண்டில் நட்ட 3, 5, 7-ஆம் மாதங்களில் மேலுரம் இடுவதே முறை. பக்கக் கன்றுகளை மாதந்தோறும் நீக்க வேண்டும்.

இலை வியாபாரம் தனிக்கதை. ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை. கட்டு விலை இறங்கும். ஆவணியிலும் தையிலும் ஏறும். விலை ஏறும்போது கைக்குக் கிடைத்த இலையையெல்லாம் அறுத்து விடும் வழக்கம் சிலரிடம் உண்டு. குலைக்கென விட்ட மரத்தில் எட்டு, பத்து இலையாவது நிற்காவிட்டால் காய் பருக்காது. இலைக்கு ஒரு பாத்தி, குலைக்கு ஒரு பாத்தி என முதலிலேயே பிரித்துக் கொள்வோர் இரண்டையும் இழப்பதில்லை.

கன்று விஷயத்தில்தான் பலர் ஏமாறுகின்றனர். பீகார், உத்தரப் பிரதேசத்தில் பச்சை வாழை வகைகளையும் அழிக்கும் புதிய வாடல் பூசணம் காணப்பட்டுள்ள நிலையில், லாரியில் வரும் ஊர் பேர் தெரியாத கன்றுகளை வாங்கக் கூடாது. 1993-இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் திருச்சி தாயனூரிலேயே இருக்கிறது. நோய் கண்ட இலையையும் கிழங்கையும் அங்கு காட்டிக் கேட்கலாம். மார்கழியில் தோட்டத்தைச் சுற்றி வந்து, நோயற்ற, நல்ல குலை ஈன்ற தாய் மரங்களுக்கு அடையாளமாகக் கயிறு கட்டி வைக்கலாம். அவற்றின் ஈட்டிக் கன்றுகளில் ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையுள்ளவற்றை எடுத்து, வேரையும் அழுகிய பகுதியையும் சீவி, 7 அடிக்கு 7 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 890 கன்றுகள் பிடிக்கும்.