மொழிபெயர்த்தால் கதைக்கு வயது குறையுமா? ஹியூகோ விருதின் ஒரு விதி

டிசம்பர் 31 நெருங்க நெருங்க வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம். தஞ்சோங் மாலிம் உப்சி பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும் மாணவர்களும், பேராக்கின் பழைய தோட்டப்புறங்களில் பணியாற்றும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் கேட்பது ஒன்றுதான்: ஹியூகோ விருதுக்கு அறிவியல் சிறுகதையை அந்தத் தேதிக்குள் எங்கே அனுப்புவது?

எங்கும் அனுப்ப வேண்டாம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேரவைக் கதைகள் போல எழுதி அனுப்பும் போட்டி அல்ல இது. அந்த ஆண்டுக்குள் கதை வெளியாகியிருக்க வேண்டும், அவ்வளவே. பிறகு உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்கள் முன்மொழிந்து வாக்களிப்பார்கள். கட்டணம் கட்டினால் எவரும் உறுப்பினராகலாம்.

‘உலக’ என்ற அடைமொழியை அப்படியே ஏற்க முடியாது. 1953இல் தொடங்கிய இந்த விருதை மொழிபெயர்ப்புக் கதைகள் முதன்முறை வென்றது 2015இல்தான். அந்த ஆண்டு சீனரான லியூ சிசினின் நாவலும், டச்சுக்காரரான தாமஸ் ஓல்டே ஹியூவெல்ட்டின் நெடுங்கதையும் விருது பெற்றன. அதுவரை உலகம் என்றால் ஆங்கிலம்.

லியூவின் நாவல் சீன இதழில் தொடராக வந்தது 2006இல். அப்படியிருக்க 2015இல் அது எப்படிப் போட்டிக்கு வந்தது? மாநாட்டின் சட்டவிதிகளில் ஒரு பிரிவு இருக்கிறது. ஆங்கிலமல்லாத மொழியில் பிறந்த படைப்பு, மூலம் வெளியான ஆண்டில் தகுதி பெறும். முதன்முறை ஆங்கிலத்தில் வெளியாகும் ஆண்டிலும் தகுதி பெறும். கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2014இல் வந்ததும் கணக்கு புதிதாகத் தொடங்கியது. ஹாவ் ஜிங்ஃபாங்கின் ‘மடியும் பெய்ஜிங்’ நெடுங்கதையும் இதே வழியில்தான் 2016இல் வென்றது.

இடையில் எத்தனை ஆண்டு போகலாம் என்று விதி வரம்பு வைக்கவில்லை. தமிழுக்கு இது பெரிய கதவு. திருமலைக் கோயிலை எதிர்காலத்தில் வைத்துப் பார்த்த சுஜாதாவின் ‘திமலா’ போன்ற கதைகள், 2018இல் தொடங்கிய ‘அரூ’ கனவுருப்புனைவு இதழிலும் அதன் அறிவியல் சிறுகதைப் போட்டியிலும் வந்த கதைகள் என, இவற்றில் இன்னும் ஆங்கிலத்துக்குப் போகாத ஒவ்வொன்றுக்கும் அந்த ஓராண்டு பத்திரமாகக் காத்திருக்கிறது.

கவலையும் இங்கேதான். விதி சொல்வது ‘முதல்’ மொழிபெயர்ப்பை. அது நல்லதா மோசமா, எத்தனை பேர் படித்தார்கள் என்றெல்லாம் பார்ப்பதில்லை. புதுமைப்பித்தன் 1943இல் கலைமகளில் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ மாயக்கதை என்பதால் ஹியூகோவின் எல்லைக்குள் வரும். ஆனால் அது ஆங்கிலத்தில் வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இனி எவ்வளவு சிறந்த மொழிபெயர்ப்பு வந்தாலும் மொழிபெயர்ப்புக்கான சலுகை மறுபடி கிடைக்காது. மிகக் குறைவாகவே புழங்கிய படைப்புக்கு ஓராண்டு நீட்டிப்புக் கேட்கலாம். அதற்கு மாநாட்டின் அலுவல் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அவசரமாக இயந்திரத்தில் மொழிபெயர்த்து இணையத்தில் போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் நீளம். 7,500 சொல்லுக்குக் கீழே சிறுகதை, 17,500 வரை நெடுங்கதை, 40,000 வரை குறுநாவல். ‘வந்துகொண்டிருந்தவர்களை’ என்பது தமிழில் ஒரு சொல், ஆங்கிலத்தில் நான்காகும். ஆகவே 5,500 சொல்லில் எழுதிய தமிழ்ச் சிறுகதை ஆங்கிலத்தில் நெடுங்கதையாகிவிடக்கூடும். எல்லையிலிருந்து 20 விழுக்காட்டுக்குள் இருந்தால், அதாவது 6,000 முதல் 9,000 சொல் வரை, பிரிவை மாற்றும் அதிகாரம் நிர்வாகக் குழுவுக்கு உண்டு. ‘மாற்றலாம்’ என்றுதான் விதி சொல்கிறது. மாற்றியே ஆக வேண்டும் என்றல்ல.

‘தகுதி’ என்ற சொல்லையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். 2023 செங்டு மாநாட்டின் வாக்கு விவரம் 2024 ஜனவரியில் வெளியானபோது, ஆர்.எஃப். குவாங்கின் ‘பேபல்’ நாவலும் ‘சாண்ட்மேன்’ தொடரின் ஒரு பகுதியும் ‘தகுதியற்றவை’ என்று குறிக்கப்பட்டிருந்தன. காரணம் சொல்லப்படவில்லை. அரசியல் உறுத்தல் இருக்கிறதா என்று நிர்வாகிகள் எழுத்தாளர்களைத் துருவியது பிறகு கசிந்த மின்னஞ்சல்களில் தெரிந்தது. வாக்காளர் தேர்ந்ததை விளக்கமே இல்லாமல் நீக்க முடிகிற விருதில், எழுதிவைத்த விதி மட்டும் படைப்பாளிக்குக் காப்பு ஆகாது.

மற்ற கேள்விகள்:

குறும்படம்? 90 நிமிடம் வரை ‘குறுவடிவ நாடகப் படைப்பு’. இந்தப் பிரிவு 2003 முதல் தனியாக இருக்கிறது.

வானொலி நாடகம்? அதே பிரிவில் சேரும். ஆர்சன் வெல்ஸின் 1938 ஒலிபரப்பு ‘உலகங்களின் போர்’ 2014இல் பழைய ஆண்டுக்கெனப் பின்னாளில் வழங்கிய ஹியூகோவை அதில்தான் பெற்றது.

கவிதை? 2025 சியாட்டில் மாநாடு சிறப்புப் பிரிவு வைத்தது. கவிதைக்கென்றே 1978 முதல் ரைஸ்லிங் விருது உண்டு, அதில் குறுங்கவிதைக்கு 49 வரி உச்சவரம்பு.

டிசம்பரில் கடைக்கு வந்த ஜனவரி இதழ்? அட்டையில் உள்ள தேதிதான் கணக்கு.

ஒருவர் எத்தனை முன்மொழியலாம்? ஒரு பிரிவுக்கு ஐந்து வரை. இறுதிப் பட்டியலுக்குப் போவது ஆறு.

முன்மொழிய எந்தத் தேதிக்குள் உறுப்பினராக வேண்டும்? ஜனவரி 31, முன்மொழிவு பெரும்பாலும் மார்ச் நடுவில் முடிகிறது.