காளைக்குச் செய்யும் சோதனை கணவனுக்கு ஏன் இல்லை?

மாதவரம் பால் பண்ணைப் பக்கம் போனால் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக வளாகம் கண்ணில் படும். மாடு வளர்ப்பவர்களுக்குச் சினை ஊசி தெரியாததல்ல. அந்த ஊசிக்காகக் காளையிடம் எடுத்த விந்தை உறைய வைக்கும் முன் நுண்ணோக்கியில் வைத்து, உயிரணு ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். தேறாவிட்டால் கொட்டிவிடுவார்கள்.

நம் வீடுகளில் கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டினால் "விசேஷம் ஏதும் இல்லையா?" என்ற கேள்வி மருமகளைத்தான் தேடிப் போகிறது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே, பரிகாரம் எல்லாம் அவளுக்கு. கணவனின் முறை நாலாவது வருஷம் வரும். சில வீடுகளில் வருவதே இல்லை. குழந்தைப்பேறு தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது.

பரிசோதனை செய்து, எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் எல்லாம் நார்மல் என்று வந்த பிறகும் கரு தங்காமல் போவது உண்டு. அப்போது மருத்துவர்கள் சிலர் சொல்லும் பெயர் எபிஜெனடிக்ஸ். லாரிகள் ஓடும் மாதவரத்தில் இதை லாரியை வைத்தே சொல்லிவிடலாம். விந்தணு ஒரு லாரி, டிஎன்ஏ சரக்கு. விந்தணு முதிரும்போது டிஎன்ஏவைச் சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் பெரும்பகுதி கழன்றுவிடும். புரோட்டமின் என்ற வேறு புரதம் வந்து இறுக்கிக் கட்டும். நெடுந்தூர லோடுக்குக் கயிறு மாற்றிக் கட்டுகிற மாதிரி. பெட்டிகளின் மேல் சீட்டும் ஒட்டியிருக்கும்: எதைத் திறக்கலாம், எதை மூடியே வைக்க வேண்டும் என்று. அந்தச் சீட்டுகளில் முக்கியமானது மெத்தில் என்ற சிறு வேதிக்குறி. சரக்கு பழுதில்லாமலே கட்டு தளர்ந்திருக்கலாம், சீட்டு உதிர்ந்திருக்கலாம்.

விந்தணு எண்ணிக்கை குறைந்த ஆண்களில் எச்19 போன்ற சில மரபணுப் பகுதிகளில் இந்தச் சீட்டு குறைந்திருப்பதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். மும்பையில் உள்ள தேசிய இனப்பெருக்க நல ஆய்வு நிறுவனத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவனிக்க வேண்டியது. காரணம் தெரியாமல் மனைவிக்குத் திரும்பத் திரும்பக் கரு கலைந்த குடும்பங்களில், எண்ணிக்கை சரியாக இருந்த கணவர்களிடமே எச்19 பகுதியில் மாற்றம் தெரிந்தது. கரு கலைந்ததும் பெண்ணின் உடம்பைக் குறை சொல்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். ஆனால் தொடர்பு இருப்பது வேறு, அதுதான் காரணம் என்பது வேறு. இரண்டாவதை நிரூபிக்க இன்னும் நிறைய வேலை பாக்கி.

சீட்டைக் கெடுப்பவை என்று சந்தேகிக்கப்படுபவற்றில் புகையிலை, உடல் பருமன், ஈயம் போன்ற உலோகங்கள் உண்டு. சூடு விந்தணு உற்பத்தியையே நேராகக் குறைக்கும். விதைப்பை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை நடக்கும். பிரான்சில் அளந்து பார்த்தபோது, இரண்டு மணி நேரம் கார் ஓட்டினாலே விதைப்பையில் சுமார் 2 டிகிரி ஏறியது. இன்ஜின் சூட்டில் பத்து மணி நேரம் உட்காரும் லாரி டிரைவரை நினைத்துப் பாருங்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். பழைய வண்டிக்கு அது கிடையாது. இறங்கி நடக்க வேண்டியதுதான். ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, 'ஆண்மை' தருவதாக நினைத்துப் போடுவது, விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

வேலையிடத்து ரசாயனமும் காரணமாகலாம். 1977இல் கலிபோர்னியாவின் லாத்ராப்பில், டிபிசிபி என்ற பூச்சிமருந்து தயாரித்த தொழிலாளிகள், தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதைத் தங்களுக்குள் பேசியே கண்டுபிடித்தார்கள். மணலி, எண்ணூர் பக்கம் ரசாயன வேலையில் இருப்பவர்கள் எதைக் கையாளுகிறோம் என்று நிர்வாகத்திடம் கேட்கலாம். தொழிற்சாலைச் சட்டத்தின் 111-ஏ பிரிவு தந்த அந்த உரிமை புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் உண்டு.

நல்ல சேதியும் இருக்கிறது. எடை குறைப்பு அறுவை செய்துகொண்ட ஆண்களின் விந்தணுவில் இந்தக் குறிகள் மாறியதைக் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள். சிகரெட்டை விட்டவர் மூன்று மாதம் பொறுத்து மறுபரிசோதனை செய்வதில் அர்த்தம் உண்டு.

விந்துப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்க்க வேண்டும். மாதிரியை வீட்டிலிருந்து எடுத்துப்போனால் டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் லேப் போய்ச் சேர வேண்டும். மூலக்கடை சிக்னலில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு இருந்தால் லேபிலேயே கொடுப்பது மேல். ஒரு அறிக்கையை வைத்து முடிவு கட்டாதீர்கள். வேரிகோசில் எனப்படும் விதைப்பை ரத்தநாள வீக்கம் இருந்தால் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையின் சிறுநீரகவியல் பிரிவில் காட்டலாம்.

எபிஜெனடிக் டெஸ்ட், அதைச் 'சரிசெய்யும்' மாத்திரை என்று பேக்கேஜ் விற்க வந்தால் நிதானியுங்கள். அது ஆராய்ச்சியில் இருக்கிற விஷயம். எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யும் பரிசோதனை அல்ல. ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஐவிஎஃப் வரை போனால் 2021ஆம் ஆண்டின் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். வெற்றி வாய்ப்பு, செலவு, ஆபத்து எல்லாவற்றையும் முதலிலேயே விளக்க வேண்டும். எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் சிகிச்சை தொடங்கக் கூடாது. மையத்திலேயே குறைதீர்ப் பிரிவு இருக்க வேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை.

அதற்கெல்லாம் காகிதம் வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவேட்டின் நகலைத் தர மருத்துவர் கடமைப்பட்டவர். ரசீதோடு சேர்த்து, கணவர் பெயரில் தனி ஃபைல் போட்டு வையுங்கள்.